தீயால் பெருகும் உடும்பு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெரும் மணற்பாலை, சிறு மணற்பாலை, கிப்சன் பாலை ஆகிய பகுதிகளில் வாழும் மார்ட்டு பழங்குடிப் பெண்கள், குளிர்காலத்தில் காற்று வீசும் திசையைக் கணித்துவிட்டு, ஸ்பினிஃபெக்ஸ் என்று அங்கே அழைக்கப்படும் முட்புல் பரப்புக்குத் தீ வைக்கிறார்கள். (நம் கடற்கரையில் வளரும் இராவணன் மீசைதான் தாவரவியலில் ஸ்பினிஃபெக்ஸ், ஆஸ்திரேலியப் பாலையின் புல் டிரையோடியா என்னும் வேறு பேரினம்.) பிசின் நிறைந்த அந்தப் புல் எளிதில் பற்றிக்கொள்ளும். அவர்கள் தேடுவது மணல் உடும்பை.

குளிர்மாதங்களில் உடும்பு வளைக்குள் ஒடுங்கிக் கிடப்பதாலும், அடர்ந்த புல் வளையின் வாயை மறைத்துவிடுவதாலும், தீ வைக்காமல் அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். தீ கடந்து சென்றதும் பெண்கள் சாம்பல் மீது நடந்து, அண்மையில் தோண்டப்பட்ட மண் குவிந்திருக்கும் வளைகளைத் தேடுகிறார்கள். வளை உள்ளே எப்படி வளைந்து செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே வாயிலிருந்து தோண்டிக்கொண்டே போகாமல், தோண்டுகோலால் தரையைக் குத்திப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதாகக் கை உணரும் இடத்தில் நேரே தோண்டி உடும்பைப் பிடிக்கிறார்கள். கோடையில் உடும்பு வெளியே நடமாடுவதால் தீ தேவைப்படாது. மணலில் பதிந்த தடமே போதும்.

எரிந்த நிலத்தின் கதை அத்துடன் முடிவதில்லை. மழை பெய்தபின் அங்கே கத்தரிப் பேரினத்தைச் சேர்ந்த காட்டுத் தக்காளிகளும், விதைக்காகச் சேகரித்து அரைகல்லில் அரைக்கப்படும் புற்களும் செழிக்கின்றன. சில ஆண்டுகளில் முட்புல் திரும்பி வந்து அவற்றை மூடிவிடும். ஒவ்வோர் ஆண்டும் சிறுசிறு துண்டுகளாக எரிப்பதால், வெவ்வேறு வயதுடைய புல்வெளிகள் அருகருகே அமைகின்றன. உணவும் மறைவிடமும் எட்டும் தூரத்தில் கிடைக்கும் அந்த எல்லைப் பகுதிகள் உடும்புக்கு மிகவும் உகந்தவை. மின்னல் மூட்டும் கோடைத் தீயும் முன்பே எரிந்த துண்டுகளை எட்டும்போது எரிபொருளின்றித் தளர்ந்துவிடுகிறது.

இந்தத் தீ பல ஆண்டுகள் அணைந்திருந்தது. 1960களில் ஏவுகணைச் சோதனைக்காகவும் பிற காரணங்களாலும் மார்ட்டு மக்கள் பாலையை விட்டு வெளியேற நேர்ந்தது. மின்னல் தீ தடையின்றிப் பரந்த நிலத்தை ஒரே மூச்சில் எரித்தது. அயலிலிருந்து வந்த பூனையும் நரியும் வேட்டையாடின. கங்காருவின் சிறிய உறவினமான முயல்வல்லபி போன்ற சிறு பாலூட்டிகள் பல இடங்களில் அற்றுப்போயின. 1980களில் ஒரு பகுதியினர் பார்ங்கூர், புன்மு முதலிய ஊர்களை அமைத்துத் திரும்பினர்.

அவர்களுடன் நெடுங்காலம் களப்பணி செய்த மானுடவியலாளர்களான ரெபேக்கா பேர்டும் டக்ளஸ் பேர்டும் தம் குழுவினருடன் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நான் மிக முக்கியமானதாகக் கருதும் ஒன்றைக் காட்டியது. மார்ட்டு மக்கள் அதிகமாக வேட்டையாடும் இடங்களில்தான் மணல் உடும்பும் அதிகமாக இருந்தது. பிடிபடும் உடும்புகளால் ஏற்படும் இழப்பைவிட, தீயால் உருவாகும் வாழிடத்தின் பயன் மிகுதி என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.