சுறாவின் மூக்குக்குள் என்ன இருக்கிறது?

காரைக்குடிச் சந்தையில் பால்சுறா வாங்குகிற ஆச்சிகள் அதை மோந்து பார்க்காமல் விடமாட்டார்கள். லேசாக அம்மோனியா வாடை அடித்தாலும் “புட்டுக்கு ஆகாது” என்று தள்ளிவிடுவார்கள். கடலின் உப்புக்கு ஈடுகொடுக்கச் சுறா தன் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. செத்தபின் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்கிவிடுகின்றன. அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது சுறாவின் மூக்கைப் பற்றி.

தொண்டிப் பக்கமிருந்து வந்த புதுச் சுறாவைப் புரட்டி, மூக்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல் புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் நிறமில்லாத பசை பிதுங்கும். வெட்டி வாங்கும்போதே தலை போய்விடுவதால் வீட்டில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

இத்தாலியரான ஸ்டெஃபானோ லோரென்சினி 1678-இலேயே இந்தத் துளைகளை விவரித்துவிட்டார். எதற்காக இருக்கின்றன என்பது உறுதியாகத் தெரியத்தான் ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு துளைக்கும் உள்ளே பசை நிரம்பிய குழாய், அதன் முடிவில் ஒரு சின்னப் பை, பையின் சுவரில் உணர்செல்கள். கடல்நீரில் இருக்கும் எந்த மீனின் உடம்பைச் சுற்றியும் நுண்ணிய மின்புலம் உண்டு. அது செவுளை அசைத்தால் புலமும் ஏறி இறங்கும். பசை மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வெளியிலுள்ள மின்னழுத்தம் பைவரை வந்துவிடுகிறது. அதற்கும் உடம்பின் உட்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்செல்கள் நரம்புக்குச் சொல்கின்றன. ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு வோல்ட்டை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஐந்து பங்கு மாறினாலே போதும்!

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆட்ரியானஸ் கால்மைன் இதை 1971-இல் அழகாக நிரூபித்தார். தட்டைமீன் ஒன்றை மணலுக்குள், வாசனை கசியாத அகர் (கடற்பாசிக் கூழ்) பெட்டியில் புதைத்தார். சுறா நேராக வந்து தோண்டியது. மின்சாரம் கடத்தாத மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடியதும் கண்டுகொள்ளாமல் போனது. கடைசியில் மீனே இல்லாமல் இரண்டு மின்முனைகளை மட்டும் புதைத்தார், அதையும் தோண்டியது.

வேலைக்காக மாலத்தீவு போன பிறகுதான் நான் உயிருள்ள சுறாக்களைப் பார்த்தேன். 2010-இல் அங்கே சுறா பிடிக்கத் தடை வந்ததால் முழங்கால் ஆழத்திலேயே குட்டிச் சுறாக்கள் திரியும். முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த அந்த வகை பயங்கொள்ளி. காலைச் சற்று வேகமாக எடுத்துவைத்தாலே ஓடிவிடும். ரஸ்தூ தீவுப்பக்கம் விடியற்காலையில் பார்த்த கொம்பன் சுறா (சுத்தியல்தலைச் சுறா) வேறு ரகம். தலை அகலமாக இருப்பதால் துளைகளும் அகலப் பரவியிருக்கின்றன. அடிமணலின் மேல் தலையை ஆட்டிக்கொண்டே போனால் புதைந்து கிடக்கும் திருக்கையும் தப்பாது.

ஒரு துளி ரத்தத்தை மைல் கணக்கான தூரத்திலிருந்து மோப்பம் பிடிக்கும் என்பதெல்லாம் கட்டிவிட்டது. தூரத்துக்கு வாசனையும் ஒலியும், கிட்டே வந்தால் கண். மின்னுணர்வு வேலை செய்வது கடைசி ஒரு மீட்டருக்குள், பெரும்பாலும் அதற்கும் குறைவான தூரத்தில்தான். வாய்க்கு நேர் எதிரே இருப்பது சுறாவின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது; அங்கேதான் இது கைகொடுக்கிறது.

வாவு தீவுக்கூட்டத்தில் நர்ஸ் சுறா ஒன்று என்னை விட்டுவிட்டு என் கேமராப் பெட்டியை மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தது. வெவ்வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் சிறு மின்னோட்டம் பிறக்கும். சுறாக்கள் கூண்டுக் கம்பியையும் படகின் புரொப்பல்லரையும் கடித்துப் பார்ப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.