மரமும் மானாவாரியும்: செம்மண்ணுக்குள் நடக்கும் பங்கீடு

"மரத்தடியில வெள்ளாமை வராது" என்பது செட்டிநாட்டுப் புஞ்சைகளில் காலங்காலமாகக் கேட்கும் பேச்சு. தைலமரத்துக்கு அது பொருந்தும். தைலமரக் காட்டை ஒட்டிய கொல்லையில், வரப்பிலிருந்து சில அடி தூரத்துக்குக் கடலைச் செடி குட்டையாகவே நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்த ஒரு மரத்தை வைத்து எல்லா மரங்களையும் வயலைவிட்டு விரட்டியது நமக்குப் பெரிய நட்டம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் மழைக்கு அவ்வளவு பஞ்சமில்லை. ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. பெய்கிறது. அதில் கணிசமான பங்கை ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. சிக்கல் மண்ணில்தான் இருக்கிறது. வெறும் செம்மண்ணில் மழைத்துளி விழும்போது மண்கட்டி சிதறி, அதன் நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. காய்ந்ததும் மேலே அப்பளம் போல ஓர் ஏடு படியும். அடுத்த மழை அதன்மேல் வழிந்து ஓடிவிடும். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை என்பது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அதில் கால்வாசி ஓடினாலும் 10,000 லிட்டர் போய்விட்டது. மாசி, பங்குனியில் உதிரும் வேம்பு, புங்கை இலைகளை எரிக்காமல் விட்டால், அந்தச் சருகு துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும். மரத்தின் பழைய வேர்கள் மக்கிய இடங்களில் தண்ணீர் உள்ளே இறங்க வழியும் கிடைக்கும்.

சரி, இறங்கிய தண்ணீரை மரமே குடித்துவிடாதா? இங்கேதான் மரத்தின் சாதி முக்கியம். உளுந்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரிரு அடிக்குள் பரவுகிறது. ஆணிவேரை ஆழமாக இறக்கும் மரம், பயிருக்கு எட்டாத ஈரத்தைத் தேடிப் போகும். ராஜஸ்தானில் கம்புக் கொல்லைகளுக்கு நடுவே வன்னி மரங்களை வெட்டாமல் காப்பாற்றி வருவது இதை நம்பித்தான். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான் அது.

வேரில் இன்னொரு வேலையும் நடக்கிறது. இரவில் இலைத்துளைகள் மூடியதும் மேல்நோக்கிய இழுப்பு நின்றுவிடும். அப்போது ஆழத்து ஈரம் வேர் வழியே ஏறி, காய்ந்த மேல்மண்ணில் கசியும். பல மரங்களிலும் புதர்களிலும் இதை அளந்திருக்கிறார்கள். விடிந்ததும் அந்த ஈரத்தில் ஒரு பங்கை மரமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால், பயிருக்கு எப்போதும் ஆதாயம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வெயில் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், 15 அடி மரத்தின் நிழல் வடக்கே 10 அடிக்கு விழும். வரிசையைக் கிழக்கு மேற்காக நட்டால், வடபக்கம் ஒரு பட்டை மட்டுமே நிழலில் மாட்டும். அந்தப் பட்டையில் உளுந்து போடலாம். உச்சிவெயில் முழுவதையும் பயன்படுத்த அதன் இலையால் முடியாது, ஓரளவு நிழலைத் தாங்கும். கம்பும் சோளமும் சுணங்கிவிடும்.

ஆப்பிரிக்காவில் ஒரு வேலமர இனம் மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் தழைக்கிறது. பயிருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. நம் மரங்கள் அப்படி இல்லை, மழையில்தான் கொழிக்கும். அதனால் அந்த வேலையை அரிவாள் செய்ய வேண்டும். புரட்டாசியில் கவாத்து செய்தால் வெளிச்சம் திறக்கும். மேலே கிளை குறைந்ததும் கீழே நுனிவேர்களும் ஒரு பங்கு மடிந்து மண்ணுக்கு உரமாகும். இதில் கிளைரிசிடியா என்ற மரம் எனக்கு மிகவும் பிடித்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும், வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும், தழை வயலுக்கு நேரடி உரம்.

பக்கவேர் பயிருக்குள் நுழைந்தால், மர வரிசைக்கும் பயிருக்கும் நடுவே ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி இழுத்துவிடலாம். அறுபட்ட வேர் மறுபடி வளரும் என்பதால், வருடாவருடம் கோடை உழவோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.