"ஸ்னோவில விடாதேங்கோ ரீச்சர்"

டிசம்பர் பிறந்ததும் எங்கள் சிறுவர் பராமரிப்பு நிலையத்துக்குப் பெற்றோரின் துண்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். "பிள்ளையை வெளியில விடாதேங்கோ, தடிமன் வந்திடும்." கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேரோடு வேலை செய்கிறேன், அந்தப் பயம் எனக்கு நன்றாக விளங்கும். ஆனாலும் அந்தக் கடிதத்தைத் தர வேண்டாம் என்றுதான் கேட்பேன்.

முழுநாள் வரும் பிள்ளைகள், காலநிலை இடங்கொடுத்தால், தினமும் 2 மணித்தியாலம் வெளியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் விதி. பெற்றோரோ மருத்துவரோ எழுதித் தந்தால் மட்டுமே விலக்கு. தடிமனைத் தருவது வைரஸ். ஜன்னலெல்லாம் பூட்டிய அறைக்குள் பிள்ளைகள் நெருங்கி இருக்கும்போதுதான் அது இலகுவாகத் தொற்றும்.

ஊஞ்சலும் சறுக்குமரமும் எப்படி விளையாடுவது என்பதை அவையே சொல்லிவிடும். பனி எதுவும் சொல்லாது, பிள்ளைதான் யோசிக்க வேண்டும். போன மாரியில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று பிளாஸ்டிக் குவளையில் பனியை அடைத்து, கவிழ்த்து, "புட்டு" என்றது. நல்ல குளிர்நாள். பனி மாவாய் உதிர்ந்துபோனது. பக்கத்தில் நின்ற பிள்ளை, "மாவுக்குத் தண்ணி காணாது" என்றது. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலைக் கொடுத்தேன். இரண்டும் தெளித்தன, குழைத்தன, அழுத்தின. மூன்றாவது குவளை உடையாமல் நின்றது. பிறகு அங்கே ஒரு கடையே திறந்தாயிற்று. பைன்காய்தான் காசு. தமிழ் தெரியாத பிள்ளைகளும் "புட்டு" கேட்டு வரிசையில் நின்றார்கள். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனி தானே ஒட்டும், கடுங்குளிரின் காய்ந்த பனி ஒட்டாது என்பதை நாங்கள் பாடமாக நடத்தவில்லை. விலை பேசவும், முறை வரும்வரை பொறுக்கவும் அந்தக் கடையிலேயே பழகினார்கள். வகுப்பறையில் இதற்கெல்லாம் நான் எவ்வளவோ பாடுபட வேண்டும்.

எல்லையும் உண்டு. வெப்பநிலையோ காற்றோடு சேர்ந்த குளிரோ −27 பாகைக்குப் போனால் பிள்ளைகளை உள்ளே வைத்திருக்கச் சொல்கிறது கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம். அந்தக் குளிரில் வெறும் தோல் உறையத் தொடங்கும். ரொறன்ரோவில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவு. கன்னமோ காதோ வெளிறிக் கிடந்தால் உடனே உள்ளே கொண்டுவந்து வெதுவெதுப்பாக்குங்கள், தேய்க்கவே வேண்டாம். வீதியோரப் பனிக்குவியலில் குகை தோண்ட விடாதீர்கள். அது இடிந்து மூடிவிடும், பனி அள்ளும் வாகனச் சாரதிக்கு உள்ளே பிள்ளை இருப்பதும் தெரியாது.

உடுப்பில்தான் பெரும்பாலும் பிழை நடக்கிறது. உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொங்கும் ஸ்கார்ஃப் சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கலாம், கழுத்துறையே நல்லது. விரல் பிரிந்த கையுறையை விட விரல்கள் சேர்ந்த கையுறை சூடு. பையில் இன்னொரு சோடி வையுங்கள், முதற்சோடி எப்படியும் நனையும். பனிக்காற்சட்டையின் கால் பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே செருகிவிட்டால் பனி நேரே காலுறைக்குள் போகும்.