என்டமாலஜி – பூச்சியியல்

வேளாண் கல்லூரி மாணவர் இருக்கும் வீட்டில் அலமாரி மேல் கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். திறந்தால் அந்துருண்டை வாசம். உள்ளே வரிசையாக ஊசி குத்திய வண்டு, தட்டான், வெட்டுக்கிளி. கேட்டால், ‘என்டமாலஜி பாடத்துக்கு ஒப்படைக்கணும்’ என்பார்கள்.

என்டமாலஜி கிரேக்க வேர்களிலிருந்து வந்த சொல். ‘என்’ என்றால் உள்ளே, ‘டெம்னைன்’ என்றால் வெட்டுதல். உடம்பில் வெட்டு வெட்டாகப் பள்ளம் விழுந்த உயிர்களை அரிஸ்டாட்டில் ‘என்டோமா’ என்றார். கட்டெறும்பு ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தலை, மார்பு, வயிறு என்று மூன்று துண்டு. நடுவில் நூலால் இறுக்கிக் கட்டியதுபோல இடுப்பு. அதைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இலத்தீன்காரர்கள் அந்தப் பொருளை அப்படியே எடுத்து ‘இன்செக்டம்’ என்றார்கள். இன்செக்ட், என்டமாலஜி இரண்டுக்கும் வேர்ப்பொருள் ஒன்றே. அணுவைக் குறிக்கும் ‘ஆட்டம்’ என்ற சொல்லிலும் இதே வேர்தான் இருக்கிறது: வெட்ட முடியாதது.

தமிழில் பூச்சியியல். அதைப் படித்தவர் பூச்சியியலாளர். பாடநூல்களிலும் வேளாண் துறையிலும் ஊன்றிவிட்ட சொல் இது.

ஆனால் ‘பூச்சி என்பது அறிவியலுக்குப் போதாத சொல்’ என்று சிலர் தள்ளுவதுண்டு. அவர்கள் சொல்லும் காரணத்தில் உண்மை இருக்கிறது. சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். அறிவியல் கணக்கில் அது பூச்சியே இல்லை. குழந்தையின் வயிற்றில் இருக்கும் புழுவுக்குக் கொடுப்பதும் பூச்சி மருந்துதான். சரி, கிரேக்கச் சொல் மட்டும் துல்லியமாகவா பிறந்தது? அரிஸ்டாட்டிலின் என்டோமாவுக்குள் சிலந்தியும் பூரானும் இருந்தன. 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வகுத்த ‘இன்செக்டா’வுக்குள் நண்டு, தேள்கூட இருந்தன. பின்னால் வந்தவர்கள் ஆறு கால் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே எடுத்தார்கள். ஆள ஆளத்தான் சொல் கூர்மையாகும். பூச்சிக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நண்டு என்றதும் தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி நினைவுக்கு வருகிறது. ‘நண்டும் தும்பியும் நான்கறி வினவே’ என்று அங்கேயும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே பிரிப்பு புலனறிவை வைத்து, உடல் அமைப்பை வைத்து அல்ல. இன்றைய வகைப்பாட்டில் நண்டு, சிலந்தி, பூரான், பூச்சி எல்லாம் சேர்ந்த பெருந்தொகுதிக்குக் கணுக்காலிகள் என்று பெயர். அதற்குள் ஆறு கால் உள்ளவை அறுகாலிகள். வண்டை அறுகால் என்று சொல்லும் பழைய வழக்கு நம்மிடம் இருப்பதால் இந்தச் சொல் காதுக்கு அந்நியமாக இல்லை. துல்லியம் தேவைப்படும் இடத்தில் அறுகாலி, மற்ற இடத்தில் பூச்சி என்று எழுதலாம்.

தனித்தனிப் பூச்சிகளின் பெயர்களில் நம் விவசாயிகள் ஏற்கெனவே வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். மாவு தூவியதுபோலச் செடியில் அப்பியிருப்பது மாவுப்பூச்சி. தொட்டால் தத்திக் குதிப்பது தத்துப்பூச்சி. முன்கால்களைக் கூப்பி நிற்பது கும்பிடுபூச்சி. மணலில் குழி பறித்து, பின்பக்கமாகவே நகர்வது குழியானை. வளர்ந்து சிறகு முளைத்தபின் தட்டான் மாதிரியே இருக்கும், ஆனால் உணர்கொம்பு நீண்டு நுனி தடித்திருக்கும். புதிதாக வைத்ததிலும் அழகான பெயர் உண்டு. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது தமிழ் மறவன்.

மாணவரின் பெட்டிக்கே திரும்புவோம். வண்டுக்கு ஊசியை நட்டநடுவில் குத்துவதில்லை. வலப்பக்க மேல்சிறகு வழியாக இறக்குவார்கள். பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவில். ஊசிக்குக் கீழே நகமளவு சீட்டு: பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர். இந்தச் சீட்டு இல்லாத பூச்சி ஆராய்ச்சிக்குப் பயன்படாது. இலத்தீன் பெயர் வேறு சீட்டில் அப்புறம் வந்து சேரும். அந்த ஊர்க்காரர் பூச்சியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதற்கும் ஒரு வரி இடம் ஒதுக்குங்கள். வலையோடு வரப்பில் நிற்கும்போதே, பக்கத்து வயலில் இருப்பவரிடம் கேட்டு எழுதிவிட முடியும்.