பறந்து இறங்கியவர்களிடம் கேள்வி கேட்பது யார்?

பெங்களூரு ஜாலஹள்ளியிலுள்ள விமானப்படைத் தளத்தின் மதிலை ஒட்டியே தினமும் கல்லூரிக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "அண்ணா, விமானிகள் இறங்கியதும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாமே, அதற்கு எந்தப் பதவி வேண்டும்?"

அதன் பெயர் டீபிரீஃபிங். தலைக்கவசம் கழற்றிய சூட்டோடு ஓர் அறையில் கூடுவார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் விமானங்களாக்கி, ஒன்றின் பின்னால் மற்றொன்று எந்தக் கோணத்தில் வந்தது என்று விமானிகள் காட்டுவார்கள். பயிற்சியென்றால் உடன் பறந்த பயிற்றுநர் பேசுவார். அணியாகப் பறந்திருந்தால் அணித்தலைவர். எதிரியைப் பற்றிய செய்தியைக் கேட்டு வாங்குவது உளவு அதிகாரியின் வேலை. இரண்டாம் உலகப் போரில், விடியற்காலையில் திரும்பிய பிரிட்டிஷ் குண்டுவீச்சுக் குழுவினரிடம் விமானம் ஓட்டியே அறியாத பெண் அதிகாரிகளும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் இங்கே தகுதி. தோளில் உள்ள பட்டையை விட அதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் விமானப்படையில் பதவி உயர்வுக்குக் கணக்கு இருக்கிறது. 2004-இல் வந்த மாற்றத்தின்படி, ஃபிளையிங் ஆபீசராகச் சேருபவர் 2 ஆண்டுகளில் ஃபிளைட் லெப்டினன்ட், 6 ஆண்டுகளில் ஸ்குவாட்ரன் லீடர், 13 ஆண்டுகளில் விங் கமாண்டர் ஆகலாம். அதற்கு மேலே போவது பெரும்பாலும் தேர்வுக்குழுவின் கையில். பயிற்றுநராக விரும்பும் விமானி தாம்பரத்திலுள்ள பயிற்றுநர் பள்ளியில் தேற வேண்டும்.

2022-இல் ஆயுத அமைப்புப் பிரிவு என்ற புதிய கிளை அறிவிக்கப்பட்டது. அதன் நான்கு உட்பிரிவுகளில் உளவும் ஒன்று. விமானி ஆகாவிட்டால் விமானப்படையே இல்லை என்று நினைக்கும் நம் பிள்ளைகள் இதை அறிய வேண்டும்.

பட்டதாரிகளுக்கு வாசல் ஏஎஃப்கேட் (AFCAT) என்னும் விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு, ஆண்டுக்கு இருமுறை. பறத்தல் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. தரைப்பணிக்கு 26 வரை. பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேண்டும். பறத்தலுக்கு 12-ஆம் வகுப்புக் கணிதத்திலும் இயற்பியலிலும் தலா 50 சதவீதமும் தேவை. பி.காம். படித்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் பெரும்பாலும் இந்த வரியில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எழுத்துத் தேர்வில் தேறினால் மைசூரு போன்ற தேர்வு மையத்தில் நேர்காணல், சில நாட்கள் நடக்கும். விமானம் ஓட்டும் இயல்பைச் சோதிக்கும் கணினித் தேர்வு வாழ்நாளில் ஒரே முறைதான். தவறினால் பறத்தல் பிரிவுக்கு மறுவாய்ப்பு இல்லை. ஆகவே தூங்கி எழுந்து, தெளிந்த தலையோடு போக வேண்டும். விமானிக்கான மருத்துவப் பரிசோதனை டெல்லியிலோ நம் பெங்களூரு வான்-விண்வெளி மருத்துவ நிலையத்திலோ நடக்கும்.

அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் சொன்னேன். ஏஎஃப்கேட் போன்ற ஒரு வகை நுழைவுக்கு முதல்முறையாக நேர்காணலுக்குப் போகிறவருக்குப் போகவர ரயில் கட்டணம் கிடைக்கும். டிக்கெட்டைக் காட்ட வேண்டும்; மைசூரு போனதும் கசக்கி எறிந்துவிடாதே.