டிபென்சிவ் டேக்கிள்: சொல் விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பு அணியின் முன்வரிசையில், பந்துக்கு நேர் எதிரிலோ அதிலிருந்து ஓரடி ஈரடி தள்ளியோ, ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் கனத்த வீரரின் பெயர் ‘டிபென்சிவ் டேக்கிள்’. தொழில்முறை ஆட்டத்தில் இவர்கள் பெரும்பாலும் 130 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள். என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக்கின் 32 அணிகளும் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் ‘டிராப்ட்’ நாள் நெருங்கும்போது, இந்த இடத்துக்கு யார் தகுதியானவர் என்ற விவாதம் அந்நாட்டு விளையாட்டுப் பக்கங்களை நிறைக்கிறது. அச்செய்திகளைத் தமிழில் எழுத முனைவோர் அகராதியைத் திறந்தால் ‘டேக்கிள்’ என்பதற்குச் ‘சமாளி’, ‘கையாள்’, ‘கருவிகள்’ என்ற பொருள்களே கிடைக்கும். கபடி வர்ணனையில் பழகிய காதுக்கு அச்சொல் பாடி வந்தவரை மடக்கிப் பிடிப்பதையே உணர்த்தும். இரண்டும் இவ்வீரரின் வேலையைச் சொல்லவில்லை. பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால், வீரரை மதிப்பிடும் முறையையே வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார் என்பதால் இச்சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘டேக்கிள்’ கடலோரத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். இடைக்கால வடஜெர்மானிய மொழியில் ‘டாகெல்’ என்பது கப்பலின் கயிறு, கப்பி, பாய் முதலிய தளவாடங்களைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது முதலில் பொதுவாகக் கருவித் தொகுதியைக் குறித்து, பின்பு தூண்டிற்கருவிகளுக்கும் பாரந்தூக்கும் கப்பிக்கும் பெயராயிற்று. வினைச்சொல்லாக மாறியபோது குதிரைக்குச் சேணம் பூட்டுவதைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒருவரைப் பற்றி மல்லுக்கட்டுவது, ஒரு சிக்கலை எதிர்கொள்வது என்ற பொருள்கள் பெருகின. ரக்பி ஆட்டத்தில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதற்கு இச்சொல் வழங்கியது இதன் தொடர்ச்சிதான்.

ரக்பியிலிருந்து அமெரிக்க ஆட்டம் பிரிந்தபோது, அதன் விதிகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேம்ப். 1880இல் அணிக்கு 11 பேர் என்ற எண்ணிக்கையும், இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் ஆடுகோடும் நிலைபெற்றன. அக்காலத்தில் தாக்கும் அணி வேறு, தடுக்கும் அணி வேறு என்ற பிரிவு இல்லை. பந்து கையிலிருக்கும்போது தாக்கிய அதே பதினொருவர்தாம் பந்து கைமாறியதும் தடுத்தார்கள். நடுவில் பந்தை விடுபவர் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, கார்டுக்கு வெளியே டேக்கிள், கடைசியில் எண்டு என்று வரிசை அமைந்தது. எதிரணியின் ஓட்டங்கள் பெரும்பாலும் வந்து மோதும் இடத்தில் நின்று, ஓடுபவரை வீழ்த்தும் பொறுப்பைச் சுமந்ததால் அந்த இடத்துக்கு அப்பெயர் வந்தது. ஆகப் பெயர் தோன்றிய காலத்தில் டேக்கிள் உண்மையாகவே பிடித்து வீழ்த்துபவராக இருந்தார்.

அதன்பின் பெயர் நின்றது, வேலை மாறியது. வீரர்களைத் தடையின்றி மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி 1950இல் என்.எஃப்.எல்.-இல் நிலைபெற்றதும் தாக்குதலுக்கு ஓர் அணி, தற்காப்புக்கு ஓர் அணி என்று ஆட்டம் இரண்டாகப் பிரிந்தது. ‘டேக்கிள்’ என்ற ஒரே பெயர் இரண்டு அணிகளிலும் தங்கிவிட்டது. 1950களின் நடுவில் தற்காப்பின் முன்வரிசையிலும் ஒரு மாற்றம் நடந்தது. ஐவர் நின்ற வரிசையின் நட்டநடுவில் இருந்த ‘மிடில் கார்டு’ எழுந்து பின்னால் நகர்ந்து, முன்வரிசைக்குப் பின்னே நின்று தடுக்கும் ‘நடு லைன்பேக்கர்’ ஆனார். அவர் விட்ட இடைவெளியை அடைக்க, அவருக்கு இருபுறமும் நின்ற டேக்கிள்கள் நடுவை நோக்கி நெருங்கினார்கள். இதனால்தான் தாக்குதல் வரிசையில் கார்டுக்கு வெளியே நிற்பவரும், தற்காப்பு வரிசையில் எல்லாருக்கும் உள்ளே நிற்பவரும் ஒரே பெயரைச் சுமக்கிறார்கள். புதிதாக ஆட்டம் பார்ப்பவரை இது குழப்புவதில் வியப்பில்லை.

இன்று கல்லூரி வீரரை எடைபோடும் தேர்வர்கள் அவர் எத்தனை பேரைப் பிடித்து வீழ்த்தினார் என்பதை முதலில் கேட்பதில்லை. அவர் எந்த இடைவெளிக்குப் பொறுப்பு, எந்தத் தோளுக்கு எதிரே நிற்கிறார், எதிரணியில் எத்தனை பேரைத் தன்மீது இழுத்துக்கொள்கிறார் என்பவற்றையே கேட்கிறார்கள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் உள்ளது ஏ இடைவெளி, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் உள்ளது பி இடைவெளி. நிற்கும் நிலைகளுக்கு எண் உண்டு. சென்டருக்கு நேர் எதிரே நிற்பது பூஜ்ய நிலை, கார்டின் வெளித்தோளுக்கு எதிரே நிற்பது மூன்றாம் நிலை. டெக்சஸ் மாநிலப் பயிற்சியாளர் பம் பிலிப்ஸ் வகுத்ததாகவும், பேர் பிரயன்ட் பரப்பியதாகவும் சொல்லப்படும் இந்த எண்முறைதான் மதிப்பீட்டின் உண்மையான மொழி. பூஜ்ய நிலையில் நிற்பவரை ‘நோஸ் டேக்கிள்’ என்பர். அவருக்கு வேண்டியது தாங்கும் வலு. மூன்றாம் நிலையில் நிற்பவருக்கு வேண்டியது பந்து அசைந்த கணத்தில் இடைவெளியைப் பிளந்து நுழையும் விரைவு. இருவரையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே அளவுகோலால் அளப்பது முறையாகாது.

தாங்குதல் எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு மோதலில் பார்க்கலாம். பந்து பின்னால் போகிறது. சென்டரின் இரு கைகளும் தடுப்பவரின் மார்பில் விழுகின்றன. அதே நொடியில் பக்கத்திலிருந்து கார்டு தம் தோளை அவருடைய விலாவில் செருகி இடுப்பைத் திருப்பப் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து ஏறத்தாழ 280 கிலோ. நல்ல வீரர் நிமிர்வதில்லை. கார்டு வரும் பக்கத்து முழங்காலைத் தரையை நோக்கி இறக்கி, அந்த இடுப்பை அவர்மீது சாய்த்து, தம் தோள் அவர்கள் தோளுக்குக் கீழேயே இருக்குமாறு வைத்துக்கொள்கிறார். அவர் பின்னோக்கித் தள்ளப்படாத வரை அந்த இருவரில் எவரும் விலகி அடுத்த வரிசைக்குப் போக முடியாது. பின்னாலிருந்து வந்த லைன்பேக்கர் யார் தடையும் இல்லாமல் ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துகிறார். புள்ளிவிவரத்தில் பிடி லைன்பேக்கருக்குச் சேரும். ஆட்டத்தைத் தீர்மானித்தவருக்கு அங்கே ஒன்றும் பதிவாகாது. காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் தேர்வர் இந்த முழங்காலைத்தான் பார்க்கிறார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு அணி இதற்குச் சிறந்த சான்று. தேசிய வாகையர் பட்டம் வென்ற அந்த அணியின் நடுவில் நின்றவர் ஜோர்டன் டேவிஸ். அவருடைய சொந்தப் பிடிக் கணக்கு பெரிதன்று. ஆயினும் சிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லண்ட் விருதும், சிறந்த தற்காப்பு வீரருக்கான பெட்நாரிக் விருதும் அவ்வாண்டு அவருக்கே கிடைத்தன. அவருக்குப் பின்னால் தடையின்றி ஓடிய நகோபி டீன் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதைப் பெற்றார். 2022ஆம் ஆண்டுத் தேர்வில் டேவிஸ் 13ஆவதாகவும் டீன் 83ஆவதாகவும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கே சென்றார்கள். அதே ஜார்ஜியா வரிசையில் நின்ற டெவான்டே வயட்டை கிரீன் பே பேக்கர்ஸ் 28ஆவதாக எடுத்தது. டேவிஸ் 155 கிலோ, வயட் ஏறத்தாழ 138 கிலோ. முன்னவர் தாங்கும் வகை, பின்னவர் ஊடுருவும் வகை. தேர்வுப் பட்டியலில் இருவருக்கும் எதிரே எழுதப்பட்டிருந்தது ஒரே இடப்பெயர்தான்.

1987 முதல் பல ஆண்டுகளாக இண்டியானாபொலிஸ் நகரில் நடந்துவரும் ‘கம்பைன்’ என்ற உடற்திறன் சோதனையில் 40 கஜ ஓட்டம், 102 கிலோ எடையைப் படுத்தபடி தூக்கும் சோதனை, தாவல், கையின் நீளம் என எல்லாம் அளக்கப்படுகின்றன. 40 கஜ ஓட்டத்தின் மொத்த நேரத்தைவிட அதன் முதல் 10 கஜ நேரம் இவ்வீரருக்கு முக்கியம், ஏனெனில் அவருடைய வேலை முடிவது அதற்குள்தான். எடை தூக்குவதில் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பேயா 2011இல் 49 முறை தூக்கினார். ஆனாலும் அவர் எடுக்கப்பட்டது இரண்டாம் சுற்றில். மார்பால் எடை தூக்குவதும், குனிந்து நின்று காலாலும் இடுப்பாலும் இருவரைத் தாங்குவதும் வேறு வேறு திறன்கள்.

அளவுகளை நம்பி ஏமாந்தவர்களுக்கும் குறைவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆரன் டொனால்ட் 2014இல் தேர்வுக்கு வந்தபோது 185 செ.மீ. உயரமும் 129 கிலோ எடையும் இருந்தார். இந்த இடத்துக்கு இது போதாது என்று கருதியவர்கள் இருந்தார்கள். கல்லூரியில் முந்தைய பருவத்தில் ஆடுகோட்டுக்குப் பின்னாலேயே எதிரணியினரை 28.5 முறை (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரைக் கணக்கு) வீழ்த்தியிருந்த அவரைப் பன்னிரண்டு தேர்வுகள் கடந்து 13ஆவதாக செயின்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தது. 2017, 2018, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்று, 2024இல் ஓய்வு அறிவித்தார். ஜான் ராண்டலை 1990இல் எந்த அணியும் எடுக்கவே இல்லை. தேர்வுக்கு வெளியே மினசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்த அவர் 137.5 சாக்குகளோடு புகழரங்கில் இடம்பெற்றார். சாக்கு என்பது, தாக்கும் அணியை நடத்திப் பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக்கை, அவர் எறியும் முன்பே வீழ்த்துவது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘பிடியாளர்’ என்பது கபடிக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. ‘தற்காப்புச் சமாளிப்பாளர்’ என்பது தமிழே அன்று. இந்த வேலையைத் துல்லியமாகச் சொல்லும் தொடர் குறளின் படைமாட்சியில் இருக்கிறது: ‘தார்தாங்கிச் செல்வது தானை’. தார் என்பது பகைவரின் முன்னணிப் படை. அதைத் தடுத்துத் தாங்கி, அதன்மேலேயே செல்வது படை என்பது பொருள். தாங்கும் வகை, ஊடுருவும் வகை என்று இன்று பிரிக்கப்படும் இரண்டு திறனும் இத்தொடரின் இரண்டு வினைகளில் அடங்கியிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. எனினும் ‘தார்’ என்றால் இன்று சாலையும் மாலையும்தான் நினைவுக்கு வரும் என்பதால் அதைக் கலைச்சொல்லாக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். வினைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பொதுப்பெயராக ‘நடுவரிசைத் தடுப்பாளர்’ என்று எழுதலாம். பூஜ்ய நிலையில் நிற்பவரைத் ‘தாங்கு தடுப்பாளர்’ என்றும், மூன்றாம் நிலையில் நிற்பவரை ‘ஊடுருவு தடுப்பாளர்’ என்றும் பிரிக்கலாம். ‘நோஸ்’ என்பதை மூக்கு என்று பெயர்ப்பதில் பயனில்லை.

‘டிராப்ட்’ என்பதை ‘வரைவு’ என்று எழுதுவது பரவிவருகிறது. சட்டவரைவுக்குப் பொருந்தும் சொல் இங்கே பிழை. இழுத்தல் என்ற வினையடியிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல், படைக்கு ஆள் பிரித்தெடுப்பதைக் குறித்து, அதன்வழி விளையாட்டுக்கு வந்தது. ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்மொழிந்து 1936இல் பிலடெல்பியாவில் முதன்முதலில் நடந்தபோதே, கடைசி இடம் பெற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்பதுதான் அதன் உயிர்க்கூறு. ஆகவே ‘முறைவைத் தேர்வு’ என்பதே பொருளுக்கு நெருக்கமானது.

எழுதும்போது முதல் முறை ‘டிபென்சிவ் டேக்கிள் எனப்படும் நடுவரிசைத் தடுப்பாளர்’ என்று அறிமுகப்படுத்திவிட்டுப் பின்னர் தமிழ்ச்சொல்லையே ஆளலாம். தாக்குதல் அணியின் டேக்கிளுக்கு இச்சொல்லை ஆளக் கூடாது. அவர் குவார்ட்டர்பேக்கின் பக்கவாட்டைக் காப்பவர் என்பதால் ‘பக்கக் காப்பாளர்’ என்று தனிப்பெயர் தருவதே சரி.