பொக்ஸை எந்த மூலையில் வைப்பது?

சப்வூபரை, அதாவது பாட்டின் ஆழமான ஒலியை (பேஸை) மட்டும் தரும் பொக்ஸைப் பொருத்த ஐந்து நிமிடம் போதும். அதற்கு இடம் பார்க்கத்தான் ஒரு பின்னேரம் வேண்டும். பலர் ரீவி மேசைக்குக் கீழே கிடக்கிற இடத்தில் தள்ளிவிட்டு, பேஸ் காணாது என்று குமிழைத் திருகிக்கொண்டே போவார்கள். கடைசியில் செற்றியில் இருப்பவரை விடக் குசினியில் நிற்பவருக்குத்தான் அதிர்வு கூடுதலாகக் கேட்கும்.

காரணம் அலையின் நீளம். 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடும். 50 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 50 அதிர்வு) ஒலியின் ஓர் அலை 7 மீற்றர், அதாவது 23 அடி. வீட்டுத்திட்ட வீடொன்றின் ஹோல் 12 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 48 ஹேர்ட்ஸ் அளவில் சரியாக அரை அலை அதற்குள் அடங்கும். இரண்டு பக்கச் சீமெந்துச் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, சுவரோரம் பலத்தும் நடுவில் செத்தும் நிற்கும். கதிரை நடு ஹோலில் இருந்தால் அந்தச் சுரம் காதுக்கே வராது. கோயில் வீதியில் அடுக்கும் பொக்ஸுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை; வெளியில் அலை திரும்பி வரச் சுவர் கிடையாது.

இடம் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சப்வூபரைத் தூக்கி, நீங்கள் வழமையாக இருக்கும் கதிரையின் இடத்தில் வையுங்கள். ஆழமான சுரங்கள் ஏறி இறங்கும் பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடத்தில்தான் பொக்ஸ் இருக்க வேண்டும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் அவற்றுக்கிடையே அறை செய்யும் வேலை மாறாது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் ஒரே சுரம் மட்டும் ‘பூம்’ என்று தனியே எழும்பும். அப்போது ஓரடி, ஒன்றரை அடி வெளியே இழுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் அம்பிளிபயர் சூடாகும் என்பதால் எப்படியும் ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

இனி வயர். சொந்தமாகக் கறண்ட் வயர் உள்ள பொக்ஸுக்குள் அம்பிளிபயர் இருக்கிறது. ஸ்பீக்கர் வயர் மட்டும் வரும் பொக்ஸுக்குள் அது இல்லை. அந்தப் பொக்ஸ் பெரும்பாலும் தன்னோடு வந்த செற்றில்தான் வேலை செய்யும். அம்பிளிபயர் உள்ளதற்கு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரிசீவரின் (எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின்) ‘சப் அவுட்’ துளையிலிருந்து ஒரே ஒரு ஆர்சிஏ வயரைச் சப்வூபரின் ‘எல்எஃப்இ’ துளைக்குக் கொடுங்கள். எந்த ஹேர்ட்ஸ் வரை சப்வூபர் பாட வேண்டும் என்று வடிகட்டும் ‘குரொஸ்ஓவர்’ குமிழ் சப்வூபரில் இருக்கும், அதை உச்சத்துக்குத் திருப்பி விடுங்கள். ரிசீவரின் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களைச் ‘சிறியது’ என்று தெரிவுசெய்து 80 ஹேர்ட்ஸில் பிரியுங்கள். இரண்டு இடத்திலும் வடிகட்டினால் 80ஐச் சுற்றி ஒலியில் பள்ளம் விழும். பேஸ் ‘மெலிஞ்சு போச்சு’ என்ற முறைப்பாட்டுக்குப் பல வேளை இதுதான் காரணம்.

பழைய ஸ்டீரியோ அம்பிளிபயரில் ‘சப் அவுட்’ இருக்காது. அதன் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே வயர் இழுத்து, சப்வூபரின் ஸ்பீக்கர் உள்ளீட்டுக்குக் கொடுக்கலாம், பொக்ஸில் அப்படியோர் உள்ளீடு இருந்தால். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இங்கே குரொஸ்ஓவர் குமிழை 80இல் வைத்துத் தொடங்குங்கள்.

‘ஃபேஸ்’ (Phase) என்று 0, 180 போட்ட சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒருவர் கதிரையில் இருக்க, இன்னொருவர் அதை மாற்ற வேண்டும். எந்தப் பக்கம் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுதான் சரி. மறுபக்கத்தில் சப்வூபர் வெளியே தள்ளும்போது மற்ற ஸ்பீக்கர்கள் உள்ளே இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் ‘பிஎம்பிஓ வோட்’டை (கணநேர உச்ச அளவை) நம்ப வேண்டாம். பின்பக்க லேபிளில் 60 வோட் எடுக்கும் என்று எழுதியிருந்தால், ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து போவது அதற்கும் குறைவு. அதே சத்தத்தை 60 ஹேர்ட்ஸிலிருந்து 30க்கு இறக்க, கூம்பு நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். சின்னக் கூம்பை அதற்கு மேல் விரட்டினால் ‘டக் டக்’ என்று அடிக்கும். உடனே குறையுங்கள், இல்லாவிட்டால் கூம்பை ஆட்டும் கம்பிச் சுருள் போய்விடும்.

தகரக் கூரையும் யன்னலும் கிடுகிடுத்தால் குற்றம் பொக்ஸில் இல்லை. போனில் 20இலிருந்து 100 ஹேர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியைப் போட்டு, எது அதிர்கிறது என்று கையால் அழுத்திக் கண்டுபிடியுங்கள். தளர்ந்த ஆணிக்கு ரப்பர் வாசரும், யன்னல் கண்ணாடிக்கு ரப்பர் பட்டியும் போதும். பொக்ஸின் காற்றுத் துளைக்குள் பல்லியும் எறும்பும் குடிபுகும். பாவிக்காத நேரத்தில் வலையால் மூடலாம், துணி திணித்துவிட்டுப் போடக்கூடாது.

கனடாவிலிருந்து வந்த பொக்ஸ் என்றால் லேபிளைப் பார்க்காமல் கறண்டில் போடாதீர்கள். 120 வோல்ற் மட்டும் எழுதியிருந்தால், நம்முடைய 230 வோல்ற்றில் முதலில் பியூஸும் அதோடு சேர்ந்து வேறு சிலவும் எரியும். லேபிளில் உள்ள வோட்டை விடப் பெரிய, வோல்ற்றைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும். எர்த் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்தி, இரண்டு கால் பிளக்கைத் திணிக்கும் நம்மூர்ப் பழக்கம் வேண்டாம். அடப்டர் விலை பெரிதில்லை.

‘ம்ம்ம்’ என்ற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் ஆர்சிஏ வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் திரும்ப மாட்டிவிட்டு, இந்தத் தடவை டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். அதோடு நின்றால், டிஷ்ஷின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வயர்களின் வழியே ஒரு வளையமாகி இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பிளக் பொயின்ற்றில் கொடுங்கள். போதாவிட்டால் டிஷ் வயரில், அந்த வளையத்தைத் துண்டிக்கும் ஐசொலேற்றர் போடுங்கள். எர்த் வயரை வெட்டுவது தீர்வல்ல.

ஐப்பசியில் வானம் இருட்டத் தொடங்கியதும், இடி கேட்க முன்னரே பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. அதற்குள் இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை.